துணை இயக்குநரை ஒரு ஸ்தாயி இறக்கிய கதை

அக்காவின் தொண்டையில் ஐந்து சுரங்கள்தான் மிச்சமிருந்தன. அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவர், "குரல் அப்படியேதான் இருக்கும், கொஞ்சம் கீழ இறங்கியிருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த தொண்டையைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு காலத்தில் ஓட்டல் மேடைகளில் நின்று, சாப்பிட வந்தவர்களைக் கரண்டியைக் கீழே வைக்கச் செய்த குரல் அது. இப்போது தரைத்தளத்தில் மட்டும் நடமாடியது. மாடிக்கு ஏறச் சொன்னால் வெறும் காற்றுதான் வந்தது.

இதற்காக அக்கா அழவில்லை. அழுததெல்லாம் அத்தான்தான். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அந்த ஐந்து சுரங்களை வைத்து ஒரு பாட்டு கட்டிவிட்டாள்.

"அலமாரியில அஞ்சு சாமான்தான் இருக்குன்னா அஞ்சை வச்சுதானேடா சமைக்கணும்?" என்றாள். "பெரிய ஜாஸ் பேண்டோட நின்னு ஒரே ஒரு தடவை இதைப் பாடிட்டுக் கடையைச் சாத்திடறேன். நீதான் அரேஞ்ச் பண்ணித் தரணும்."

"நானா? நான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்க்கா."

"சாக்ஸபோனும் வச்சிருக்கியே. அது என்ன, ஷோகேஸுக்கா?"

ஆள் வராத நேரத்தில் கடையின் பின்னறையில், கண் பரிசோதனை அட்டைக்கு எதிரே உட்கார்ந்து வாசிப்பேன். அட்டையில் எழுத்துகள் கீழே போகப் போகச் சிறுத்து மங்குவதுபோல என் வாசிப்பும் போகப் போக மங்கிவிடும். இதை அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"மூணாவது வரியில ஒரு இடம் இருக்குடா. அங்க எனக்கு மூச்சு நிக்காது. அந்த இடத்துல யாராவது அடியில மெதுவா ஒரு சுரம் பிடிச்சு என்னைத் தாங்கிக்கணும். மத்தவங்க எல்லாரும் அடக்கி வாசிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் பெரிய பேண்ட் என்றால் சாக்ஸபோன் ஒரு வரிசை, டிரோம்போன் ஒரு வரிசை, டிரம்பெட் ஒரு வரிசை, போதாததற்குப் பியானோ, ஆளுயரத் தந்தி வாத்தியமான பாஸ், டிரம்ஸ். இவர்களில் யார், எப்போது, எந்தச் சுரத்தை வாசிப்பது, யார் சும்மா இருப்பது என்று எழுதிக் கொடுப்பதற்குப் பெயர்தான் அரேஞ்ச்மென்ட். அது இல்லாவிட்டால் ஊதுகிறவர்கள் எல்லாம் பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டமாகிவிடுவார்கள். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பேண்ட் ஒன்றே ஒன்றுதான். ஜாஸ் பேண்ட் உயர்பயிற்சி நிலையத்துக்குச் சொந்தமானது. நிலையத்தில் படிக்கும் மாணவர் எழுதியதை மட்டும், ஆண்டு விழாவில், தேர்வு என்ற பெயரில் அது வாசிக்கும். வேறு வழியில்லாமல் சேர்ந்தேன்.

நிலையத்தின் நடைபாதையில் முன்னாள் இயக்குநர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லோர் கையிலும் டிரம்பெட் இருந்தது, ஒருவர் உதட்டிலும் இல்லை. படங்களுக்குக் கீழே 'சத்தம் போடாதீர்' என்று பலகை.

இயக்குநர் என்னை நேர்காணல் செய்தார். பேண்டின் முதல் டிரம்பெட்டும் அவர்தான்.

"எதுக்கு இந்தப் படிப்பு உங்களுக்கு?"

"எங்க அக்கா பாடறதுக்கு ஒரு பாட்டு அரேஞ்ச் பண்ணணும் சார்."

"அப்போ இசை மேல ஆர்வத்துல வர்றீங்க."

"ஆமா சார்."

"பரவாயில்ல, போகப் போகச் சரியாயிடும்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வாசிக்கறது பெரிய விஷயமில்ல தம்பி. தெருவுக்கு ஒருத்தன் வாசிக்கிறான். நாங்க இங்க இசையை நிர்வாகம் பண்றோம். நான் பதவிக்கு வந்ததிலிருந்து இந்தக் கட்டடத்துல ஒரு தப்பான சுரம் கேட்டிருக்கீங்களா?"

இல்லை என்றேன். அந்தக் கட்டடத்தில் நான் எந்தச் சுரத்தையும் கேட்டிருக்கவில்லை.

ஹார்மனி வகுப்பு எடுத்தவர் துணை இயக்குநர். இரண்டாம் டிரம்பெட். ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன்பும் பின்பும் கதவைப் பார்த்துக்கொள்வார். சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பதுதான் ஹார்மனி என்று தொடங்கினார். அதுவரைக்கும் எனக்குப் புரிந்தது.

"அடுக்குல மேல இருக்கிற சுரம் இயக்குநருக்கு. அதுக்கு அடுத்தது எனக்கு. அதுக்குக் கீழ, பணியில் சேர்ந்த தேதிப்படி" என்றார்.

"தேதிப்படியா சார்?"

"பின்ன? நேத்து வந்தவர் சுரம் என் சுரத்துக்கு மேல உட்காரலாமா?"

"அது... காதுக்கு எது நல்லா இருக்குன்னு..."

"காதுக்கு ஓய்வு வயசு கிடையாது தம்பி. நமக்கு உண்டு. அதுக்குள்ள ஒரு மரியாதையோட இருந்துட்டுப் போகணும்."

இந்த விதியால் ஒரே ஒரு சிக்கல் வந்ததாம். பதிவாளர் வாசித்தது பாரிடோன் சாக்ஸபோன், குண்டாக, எருமை கனைப்பதுபோல அடியில் ஒலிக்கும் வாத்தியம். அவர் பதிவாளராக உயர்ந்த பிறகும் சுரம் அடியிலேயே கிடந்தது. மேல் சுரம் கேட்டு மனு கொடுத்தார். வாத்தியம் ஒத்துழைக்க மறுத்தது. கடைசியில் அவருடைய நாற்காலியை உயர்த்தினார்கள். ஒத்திகை அறையில் எல்லோர் தலைக்கும் மேலே, சின்ன ஏணி வைத்த பீடத்தில் உட்கார்ந்து அவர் அந்தக் கனைப்பை நிகழ்த்துவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பாடப் புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. அது வேறு ஏதோ நல்ல ஊரில் அச்சானது. எந்த அடுக்கிலும் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் இருந்தால் போதும், பாட்டின் முகம் தெரிந்துவிடும், மற்றதெல்லாம் உடுப்பு என்று அதில் எழுதியிருந்தது. துணை இயக்குநரிடம் காட்டினேன்.

"உண்மைதான். ஆனா மூணையும் ஏழையும் மட்டும் கூப்பிட்டா மத்தவங்க மனசு என்ன பாடுபடும்?" என்றவர் வழக்கம்போலக் கதவைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த அத்தியாயத்தில்தான் வம்பு காத்திருந்தது. நெருக்கமாக அடுக்கிய சுரங்களில் மேலிருந்து இரண்டாவதை எடுத்து ஒரு ஸ்தாயி கீழே வைத்தால், அடைத்த அறையில் ஜன்னல் திறந்தாற்போல ஓசை விரியும் என்றது புத்தகம். அக்காவின் குரலுக்கு அந்த ஜன்னல் வேண்டும் என்று தோன்றியது. வீட்டுப் பாடத்தில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகக் கடைக்குப் போனேன்.

மேலிருந்து இரண்டாவது சுரம் துணை இயக்குநருடையது என்பது எனக்கு நினைவில்லை.

மறுநாள் விசாரணை. நீளமான மேசை, அதன் மேல் தண்ணீர்க் குவளைகள், பீடத்தோடு கொண்டுவரப்பட்ட பதிவாளர்.

"முழுசா ஒரு ஸ்தாயி" என்றார் பதிவாளர், மேலேயிருந்து. "டிரோம்போன்காரங்களுக்கும் கீழ! இதுவரைக்கும் இந்த நிலையத்துல யாரையும் அரை சுரம்கூட இறக்கினதில்ல. இவர் என்ன தப்பு செஞ்சார்?"

"தப்பு ஒண்ணும் செய்யல சார். கேக்கறதுக்கு நல்லா இருக்கும்னு..."

"ஒருத்தர் இறங்கறது உங்களுக்குக் கேக்க நல்லா இருக்கா?"

இயக்குநர் கையை உயர்த்தினார். "நாம நியாயமானவங்க. அவமானம் எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் தண்டனை முடிவு பண்ண முடியும். துணை இயக்குநர் அந்தச் சுரத்தை வாசிச்சுக் காட்டட்டும்."

துணை இயக்குநர் எழுந்து, வெந்நீரில் கால் வைக்கிறவரைப்போல டிரம்பெட்டை மெல்ல உதட்டில் வைத்து, அந்தக் கீழ்ச் சுரத்தை ஊதினார். அது மிருதுவாக, அகலமாக, அறை முழுக்கப் பரவியது. துணை இயக்குநர் ஊதி முடித்த பிறகும் வாத்தியத்தை இறக்கவில்லை. பல வருடங்களுக்கு முன்பு தொலைந்த சாவி பழைய சட்டைப் பையில் கிடைத்தவரின் முகம் அவருக்கு. பிறகு கதவைப் பார்த்தார், இருமினார், "பார்த்தீங்களா, எவ்வளவு கேவலம்" என்றார்.

அவருக்கு எழுத்துமூலம் மன்னிப்பு, எனக்கு எச்சரிக்கை என்று விசாரணை முடிந்தது. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டது என்பது மட்டும் கடைசிவரை எனக்குத் தெளிவாகவில்லை.

இதற்குப் பிறகு நான் ஜன்னல், காற்று என்று எதற்கும் ஆசைப்படவில்லை. அக்கா பாடும்போது மற்றவர்கள் சும்மா இருந்தால் போதும் என்று முடிவு செய்து, எல்லோருடைய தாளிலும் இடைவெளி எழுதினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. நிலையத்தின் கணக்கில் வாசிக்காமல் இருப்பது விடுப்பு. ஒவ்வொரு இடைவெளியும் அவரவர் விடுப்பில் கழியும். தன் விடுப்பை அடுத்தவர் அக்காவுக்காக யார் செலவழிப்பார்கள்? இடைவெளிகளை அடித்துவிட்டு எல்லோரும் எல்லாக் கட்டத்திலும் ஊதினார்கள்.

அந்த நிலையில்தான் அக்கா முதல் ஒத்திகைக்கு வந்தாள். நல்ல புடவை கட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தாள். பேண்ட் ஆரம்பித்தது. நானே என் மடியிலிருந்த சாக்ஸபோனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், அப்படி ஒரு காற்று. அக்காவின் உதடுகள் அசைந்தன, கண் மூடியது, திறந்தது. மூன்றாவது வரியில் தோள் மேலே ஏறி நின்றது. பிறகு மைக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பேண்ட் ஓய்ந்ததும் பதிவாளர் பீடத்திலிருந்து குனிந்து, "அம்மா, நீங்க எப்போ பாட ஆரம்பிப்பீங்க?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"பாடி முடிச்சுட்டேன் சார்" என்றாள் அக்கா.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும் பதிவாளரின் ஏணியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பஸ் வருவது தெரிந்ததும், "நான் மேடைக்கு வரலடா தம்பி. விட்டுடு. வீட்டிலேயே பாடிக்கறேன்" என்றாள்.

விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் இயக்குநரிடம் கெஞ்சப் போனேன். அவர் ஒத்திகையில் இருந்தார். எல்லோரும் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்க, அவர் மட்டும் டிரம்பெட்டை முழங்காலில் நிறுத்தி, புருவத்தைச் சுருக்கி, யாரையோ சந்தேகப்படுவதுபோலச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் அவர் ஊதி நான் பார்த்ததே இல்லை.

"சார், நீங்க இந்த இடத்துல வாசிக்கலையே, இது விடுப்புல சேருமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"விடுப்பா?" அவருக்கு முகம் சிவந்தது. "நான் மேற்பார்வை பாத்துட்டிருக்கேன்யா! வாசிக்கறவன் தன் சுரத்தை மட்டும்தான் பார்ப்பான். மேற்பார்வை பாக்கறவன் எல்லாச் சுரத்தையும் பார்க்கணும். வாசிக்கறதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். அதுக்குன்னு ஒரு தகுதி வேணும்."

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன். பாட்டின் தாள்களை எடுத்து, அக்கா பாடுகிற கட்டங்களில் முதல் டிரம்பெட்டுக்கு நேரே 'மேற்பார்வை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அவர் ஒருவர் அடங்கினாலும் லாபம் என்று நினைத்தேன், அதற்கு மேல் எனக்குத் திட்டம் எதுவும் இல்லை.

அடுத்த ஒத்திகையில் இயக்குநர் தன் தாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். துணை இயக்குநர் என்னைத் தனியாக அழைத்து, தனக்கும் துணை மேற்பார்வையாவது தரக் கூடாதா என்றார். எழுதிக் கொடுத்தேன். "அவ்வளவு உயரத்துல என்னை உட்கார வச்சது எதுக்கு? மேற்பார்வைக்கு என்னைவிட வசதியான இடம் யாருக்கு இருக்கு?" என்றார் பதிவாளர். நியாயமான கேள்வி. டிரோம்போன் வரிசை மொத்தமாக வந்து, மேற்பார்வை இல்லாமல் வெறுமனே வாசிக்க வைப்பது தங்களைக் கீழ்த்தரமாக நடத்துவதாகும் என்று வருத்தப்பட்டது. சாக்ஸபோன்காரர்கள் வேலை நிறுத்தம் என்று மிரட்டினார்கள். கை வலிக்க வலிக்க எழுதினேன்.

பியானோ, பாஸ், டிரம்ஸ் மூவருக்கு மட்டும் இயக்குநர் அனுமதி மறுத்துவிட்டார். "அவங்க தற்காலிகப் பணியாளருங்க. மேற்பார்வை எல்லாம் கிடையாது. அவங்க வேலை செஞ்சுதான் ஆகணும்."

பியானோ வாசிக்கும் அம்மாள் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

மாணவனான எனக்கு மேற்பார்வைக்கும் தகுதி இல்லை, மேற்பார்வை நடக்கும்போது வாசிக்கவும் அனுமதி இல்லை. சாக்ஸபோன் வரிசையின் கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றார்கள். அக்காவின் மூன்றாவது வரியைத் தாங்கிப் பிடிக்க ஒருவரும் இல்லாமல் போய்விட்டது அப்போதுதான் உறைத்தது. பியானோவின் சுரம் தட்டியதும் தேய்ந்துவிடும், மூச்சுபோல நீளாது. இருந்தாலும் அக்காவைக் கூப்பிட்டேன். "குறைஞ்சபட்சம் நீ பாடறது காதுல விழும்க்கா" என்றேன். அவள், "வரேன்" என்றாள்.

ஆண்டு விழா அன்று அரங்கம் நிரம்பியிருந்தது. அத்தான் முதல் வரிசையில் கைக்குட்டையை முன்னெச்சரிக்கையாக விரித்து வைத்துக்கொண்டிருந்தார். பேண்ட் தொடக்கத்தில் ஒருமுறை பலமாக முழங்கியது. அக்கா மைக்கருகே வந்ததும், ஒரே நேரத்தில், எல்லா வரிசைகளும் வாத்தியங்களை முழங்காலில் நிறுத்திப் புருவத்தைச் சுருக்கின. அப்படி ஒரு மேற்பார்வையை அந்த ஊர் பார்த்ததில்லை. டிரம்பெட்டுகள் டிரோம்போன்களை மேற்பார்த்தன, டிரோம்போன்கள் சாக்ஸபோன்களை, எல்லோரையும் பதிவாளர்.

அந்த அமைதியில் பாஸின் கனத்த தந்தி அடிமேல் அடி வைத்து நடந்தது. டிரம்ஸ்காரர் குஞ்சக் குச்சிகளால் தோலை வருடினார். அக்கா பாடினாள்.

ஐந்து சுரம்தான். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கரகரப்பான, கொஞ்சம் கிண்டலான, எங்கள் வீட்டு அக்காவின் குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவது வரியில் அந்த இடம் வந்தது. தோள் ஏறியது. குரல் நூலாக இழுபட்டது.

கட்டியிருந்த கை எப்போது பிரிந்தது என்று எனக்குத் தெரியாது. அடுக்கின் மூன்றாவது சுரத்தை, என்னால் முடிந்த அளவு மெதுவாக, அக்காவின் குரலுக்கு அடியில் பிடித்தேன். மங்கவில்லை. அதே நேரம் பின்னாலிருந்து இன்னொரு சுரம் வந்தது. டிரம்பெட்டின் வாயை அடைப்பானால் மூடி ஊதும் மிருதுவான ஓசை. ஏழாவது சுரம், டிரோம்போன்களுக்கும் கீழே, இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. பாட்டின் முகம் தெரிந்தது. அக்கா எங்கள் இரண்டு சுரத்தின்மேலும் காலூன்றி, நிதானமாக மூச்சு எடுத்து, நாலாவது வரிக்குப் போனாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அத்தானின் கைக்குட்டை போதவில்லை. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இன்னைக்கு நீங்க கேட்டது சாதாரண இசை இல்ல. பல வருஷ நிர்வாக அனுபவம். எங்க ஆட்கள் ஒருத்தர்கூட வாசிக்காமலேயே இவ்வளவு நல்லா வந்திருக்குன்னா, வாசிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!"

எல்லோரும் யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடி கைதட்டினார்கள்.

தேர்வு முடிவைப் பதிவாளரே படித்துச் சொன்னார். ஹார்மனியில் தேர்ச்சி, அரேஞ்ச்மென்டில் சிறப்புத் தேர்ச்சி, ஒழுங்கில் தோல்வி, ஆகவே மொத்தத்தில் தோல்வி. மேற்பார்வை நடந்துகொண்டிருந்தபோது மாணவர் வாசித்திருக்கிறார்.

"இன்னொரு சத்தமும் கேட்டுச்சு" என்றார். "அதையும் விசாரிச்சோம். டிரம்பெட் வரிசையிலிருந்து வந்ததால அது மேற்பார்வையோட ஒரு பகுதின்னு முடிவாயிடுச்சு. அடுத்த வருஷம் மேற்பார்வை தனிப் பாடமா வருது. சேர்ந்து படிங்க, உங்களுக்கு நல்லது."

வீட்டுக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டேன்க்கா. வாசிச்சதுக்காக."

அவள் மடித்த துணியெல்லாம் கலையும்படி சிரித்தாள். பிறகு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "நீ மட்டும் அந்த இடத்துல பிடிக்கலேன்னா நான் அப்படியே நின்னுருப்பேன்டா. சரி, அடுத்த பாட்டு கட்டிட்டேன், கேக்கறியா?"

"கடையைச் சாத்தறேன்னு சொன்னே?"

"சாமான் இருக்கும்போது எவளாவது சாத்துவாளா?"

அப்போது வாசல் மணி அடித்தது. டிரம்பெட் பெட்டியோடு துணை இயக்குநர் நின்றிருந்தார். இந்தப் பக்கமாக ஒரு வேலையாக வந்ததாகச் சொன்னார். என்ன வேலை என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அக்காவைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடுத்த பாட்டுல எனக்கு இன்னும் கொஞ்சம் கீழ ஏதாவது கிடைக்குமாம்மா?"

"தாராளமா. ஆனா எங்க வீட்டுல எல்லா நாற்காலியும் ஒரே உயரம்தான். பரவாயில்லையா?"

அவர் வழக்கம்போலத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதவைத் திறந்தே விட்டார்.